உறுதிப் பெட்டியில் எஞ்சிய பூட்டன்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் வரலாறு நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் தங்கியிருப்பதைவிடக் காணி உறுதிகளிலேயே கூடுதலாகத் தங்கியிருக்கிறது. உறுதி என்பது நிலத்தின் உரிமை கைமாறியதைப் பிரசித்த நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்டு நிறுவும் பத்திரம். நிலம் தொடர்பான கைமாற்றங்கள் இவ்வாறு எழுதப்பட்டாலன்றிச் செல்லா என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தமையால், விற்றதும் கொடுத்ததும் ஈடுவைத்ததும் தலைமுறை தலைமுறையாகத் தாளில் ஏறி வந்துள்ளன. ஒரு படி உரியவரிடமும், ஒன்று நொத்தாரிசிடமும், மற்றொன்று காணிப் பதிவகத்திலும் இருப்பது முறை. ஆயினும் போரினால் பல அலுவலகங்களும் வீடுகளும் சிதைந்த மண்ணில், அலமாரியின் அடித்தட்டிலிருந்த தகரப் பெட்டியே பல குடும்பங்களுக்கு எஞ்சிய ஆவணக் காப்பகமாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நகைகளோடும் அடையாள அட்டைகளோடும் இந்த உறுதிகளும் பொலித்தீன் பைகளில் சுற்றப்பட்டு உடன்சென்றன.

மானிப்பாயில் பிறந்து 1986இல் நாட்டைவிட்டு வெளியேறிக் கனடாவில் குடியமர்ந்த ஒருவர் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஊர் திரும்பியபோது, அவருடைய குடும்பத்தின் உறுதிப் பெட்டி இத்தகைய பயணமொன்றை முடித்துக்கொண்டு மாமியின் வீட்டில் இருந்தது. மாமி என்பது இங்கே தந்தையின் உடன்பிறந்தாள். 1990இல் நின்றுபோய் 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம்வரை ஓடத் தொடங்கிய தொடருந்தில் வந்திறங்கிய அவருக்கு ஊர் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருந்தது. மருதடிப் பிள்ளையார் கோவிலும், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் மருத்துவரின் பெயர் தாங்கிய மருத்துவமனையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒழுங்கைகளின் இருபுறமும் இருந்த கிடுகு வேலிகள்தாம் மதில்களாகி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை மறைத்துக்கொண்டு நின்றன. முகம் தெரியாதவரைக் கண்டால் “தம்பி, ஆற்றை மோன்?” என்று, அதாவது யாருடைய மகன் என்று, கேட்பது அவ்வூர் முதியோரின் வழக்கம். தந்தையின் பெயரும் பாட்டனின் பெயரும் சொன்னதும் கேட்டவர்களின் முகம் மலர்ந்தது. பாட்டனுக்குத் தந்தையாகிய பூட்டனின் பெயரைச் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. வீட்டிலும் அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியமே வழங்கியது: “மலாயாவில மோசம் போனவர்.” மோசம் போதல் என்பது இறத்தலைக் குறிக்கும் யாழ்ப்பாண வழக்கு.

மலாயா என்ற விடை எவரையும் ஐயுறச் செய்யாத விடை. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு அந்நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு, ரயில்வே, நில அளவை, பொதுவேலை ஆகிய திணைக்களங்களுக்கு ஆங்கிலம் அறிந்த எழுதுவினைஞர்கள் தேவைப்பட்டார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனும் பின்வந்த சைவப் பாடசாலைகளும் அத்தகையோரை யாழ்ப்பாணத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தன. அங்கே உழைத்த பணம் இங்கே காணியாகவும் வீடாகவும் கோவில் திருப்பணியாகவும் மாறியது. ஓய்வூதியத்துடன் திரும்பியவர்கள் ‘மலாயன் பென்சனியர்’ என்ற மதிப்புக்குரிய பெயரைப் பெற்றார்கள். மலாயாவில் வாழ்ந்து அங்கேயே இறந்தவர்களும் பலர் இருந்தமையால், பூட்டனின் மரணத்தை அங்கே வைத்த கதை நான்கு தலைமுறைக்குக் கேள்வியின்றி நிலைத்தது.

பெட்டியிலிருந்த உறுதிகளைக் காலவரிசையில் அடுக்கியபோது முதலில் வந்தது 1913ஆம் ஆண்டுச் சீதன உறுதி. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்து 1806இல் பிரித்தானியர் சட்டவலு அளித்த தேசவழமை, குடும்பச் சொத்தை மூன்றாகப் பகுக்கிறது: முன்னோரிடமிருந்து வருவது முதுசொம், மகளுக்குத் திருமணத்தின்போது கொடுப்பது சீதனம், கணவனும் மனைவியும் மணவாழ்க்கையில் ஈட்டுவது தேடிய தேட்டம். பூட்டி கொண்டுவந்த சீதனக் காணியை அடுத்து, 1916 முதல் 1923 வரை தேடிய தேட்டமாக வாங்கிய நான்கு காணிகளின் உறுதிகள் இருந்தன. பூட்டன் கடல் கடந்து இருந்தமையால் இவையனைத்தும் அற்றோணித் தத்துவத்தின்படி, அதாவது தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரத்தின்படி, அவருடைய மைத்துனரால் முடிக்கப்பட்டிருந்தன. மேட்டுநிலத்தைப் பரப்பு என்னும் அளவால் கணக்கிடுவதும், பதினாறு பரப்பை ஓர் ஏக்கராகக் கொள்வதும் அங்குள்ள வழக்கம். ஏழாண்டுகளில் சேர்ந்த இருபத்திரண்டு பரப்பு, சம்பளத்தை வீணாக்காத ஒருவரின் கணக்கு.

1926 முதல் உறுதிகளின் இயல்பு மாறுகிறது. வாங்கியவை ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றி வைக்கப்படுகின்றன. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவித்து, முதல் திரும்பும்போது காணியை விடுவிக்கும் ஈட்டுமுறையே ஒற்றி. இவ்வுறுதிகளில் அற்றோணித் தத்துவம் இல்லை. பூட்டனே நேரில் ஒப்பமிட்டிருக்கிறார். ஆகவே அக்காலத்தில் அவர் மானிப்பாயில் இருந்தார். ஓய்வூதிய வயதுக்கு முன்பே திரும்பியிருந்தார். சீதன உறுதியில் ஆங்கிலத்தில் சாய்வாக ஓடிய கையொப்பம், 1926இல் தமிழில் பெரிய எழுத்துகளாகி, 1929இல் கோட்டைவிட்டு விலகி, சாட்சியின் பெயர்மேல் ஏறிக்கிடக்கிறது. 1929க்குப் பின் அது எங்கும் இல்லை.

இத்தொடரின் முடிச்சு 1936ஆம் ஆண்டு உறுதியில் இருந்தது. பூட்டி தம் சீதனக் காணியில் ஒரு பகுதியைத் தம் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த அவ்வுறுதி, கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைக் குறிப்பிடுகிறது. மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால், இருவரும் இணங்கிப் பிரிந்திருந்தால், அவன் இரண்டாண்டுக்கு மேல் சிறையில் இருந்திருந்தால், சித்தசுவாதீனம் இழந்திருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், அல்லது மனைவி மக்களின் நலன் வேண்டினால், அச்சம்மதம் இன்றியே கைமாற்ற நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று அதே சட்டம் வழிவிட்டது. விதவைக்கோ எவருடைய சம்மதமும் தேவையில்லை. நீதிமன்றக் கட்டளை ஒன்று பெறப்பட்டிருக்கிறது என்பதாலேயே, 1936இல் பூட்டன் இறந்தவராகச் சட்டத்தின்முன் கருதப்படவில்லை என்பது உறுதியாகிறது. குடும்பம் மலாயாவில் அடக்கம் செய்துவிட்ட மனிதரை, அவருடைய ஒப்பம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்த ஒரு கட்டளை இலக்கம் உயிருடன் காட்டியது.

அவ்வேழு காரணங்களுள் எது அவருக்குரியது என்பதை உறுதி சொல்லவில்லை. மனுவின் கோப்பைத் தேடிய முயற்சியும் பலிக்கவில்லை. விடை வந்தது ஆவணம் என்று எவரும் மதியாத ஒரு கொப்பியிலிருந்து. ஆசிரியராக இருந்த பாட்டன் 1935 முதல் எழுதிய வீட்டுச் செலவுக் கணக்கு அது. மாதந்தோறும் அரிசி, மண்ணெண்ணெய், வண்ணான் கூலி ஆகியவற்றுக்குக் கீழே “கொழும்பு, காசுக்கட்டளை” என்று ஒரு வரி வருகிறது. காசுக்கட்டளை என்பது மணியோடருக்கு இலங்கையில் வழங்கும் பெயர். யாருக்கு என்பது எழுதப்படவில்லை. 1938 ஆவணி மாதத்தில் ஒரேயொரு முறை, ரயில் கட்டணத்தின் பக்கத்தில், ஊர்ப்பெயர் முழுமையாக விழுந்திருக்கிறது: அங்கொடை. கொழும்பு கறுவாத்தோட்டத்திலிருந்த பழைய மனநோயாளர் புகலிடத்துக்குப் பதிலாக 1920களில் பெரிய மருத்துவமனை எழுந்த இடம் அது. மருத்துவமனையின் பெயரைச் சொல்லாமல் ஊரின் பெயரை மட்டும் சொன்னாலே பொருள் விளங்கும் அளவுக்கு யாழ்ப்பாணப் பேச்சிலும் அது புகுந்திருந்தது.

காசுக்கட்டளை வரி 1940 கார்த்திகையோடு நிற்கிறது. 1941 ஆடியில் அதுவரை இல்லாத இரு வரிகள் தோன்றுகின்றன: “கீரிமலை வண்டில்” என்பது ஒன்று, “காத்தோட்டிக்காய்” என்பது மற்றொன்று. ஆடி அமாவாசை தந்தையை இழந்த ஆண்கள் நோற்கும் விரதம். அன்று கீரிமலைக் கேணியில் நீராடிப் பிதிர்க்கடன் செலுத்தி, வீடு திரும்பிப் படைத்து உண்ணும் உணவில் கசப்பான காத்தோட்டிக்காய் இடம்பெறுவது யாழ்ப்பாணத்து மரபு. தந்தை இருக்கும் மகன் அவ்விரதத்தை நோற்பதில்லை. ஆகவே பூட்டன் இறந்த நாள் தெரியாவிடினும், இறந்த செய்தி வீட்டுக்கு எட்டிய காலம் அந்தக் கார்த்திகைக்கும் அடுத்த ஆடிக்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். மரணத்தின் 31ஆம் நாள் அந்தியேட்டியில் இறந்தவரின் குலமரபையும் திதியையும் செய்யுளாக அச்சிட்டு வழங்கும் சிறு நூலைக் கல்வெட்டு என்பர். பூட்டிக்கு அத்தகைய கல்வெட்டு உண்டு, பூட்டனுக்கு இல்லை. அவருக்குக் கிடைத்த ஒரே பதிவு காத்தோட்டிக்காயின் விலை.

இந்த மறைப்பைக் கொடுமை என்று மட்டும் படிப்பது பிழையாகும். கலியாணம் பேச வருபவர்கள் முதலில் விசாரிப்பது குடும்பத்தில் சித்தம் கலங்கியவர் உண்டா என்பதையே. மகளுக்குக் காணி எழுதிய அதே 1936இல் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய நிலையில் பூட்டி இருந்தார். தொலைவுக்கு எவரும் சாட்சி கேட்பதில்லை என்பதால் மலாயா அவருக்குக் கைகொடுத்தது. பின்னாளில் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களைப் பற்றி ஊரில் கேட்கப்படும்போது, உண்மை எதுவாயினும் “சுகமாய் இருக்கிறார்” என்றே வீட்டார் சொல்லிப் பழகியதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. தாமும் அவ்வாறே சொல்லப்பட்டு வந்தவர் என்பதைத் திரும்பி வந்தவர் மாமியின் வாயிலிருந்து இந்த முறைதான் கேட்டறிந்தார்.

எஞ்சும் கேள்வி, செலவுக் கொப்பி ஏன் உறுதிப் பெட்டிக்குள் இருந்தது என்பது. பாட்டன் அதன் பிறகு எழுதிய கணக்குக் கொப்பிகள் எவையும் வீட்டில் இல்லை. 1941 ஆடியோடு முடியும் இந்த ஒன்றை மட்டும், வீடு எரிந்தாலும் எடுத்துக்கொண்டு ஓடவேண்டிய பத்திரங்களுக்கு நடுவே, ஒற்றி மீட்ட உறுதியோடு சேர்த்து நூலால் கட்டி வைத்தவர் அவரே என்று மாமி சொன்னார். தந்தையைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு சொல்லும் சொல்லாதவர், அந்தக் கொப்பியை எறியவும் இல்லை.