ஓடாதே மக்ளே!

எங்கள் வீட்டில் காலையில் சுப்ரபாதம் கிடையாது. 'ஓடாதே மக்ளே!'தான். அடுத்த பாட்டு, 'சாடாதே மக்ளே!' (எங்கள் தக்கலைப் பக்கம் குதிப்பதைச் 'சாடுவது' என்போம்.) பிள்ளை படியேறினால் கையைப் பிடிப்போம். வெயிலில் நின்றால் குடை. தும்மினால் ஆட்டோ!

காரணம் இருந்தது சார். என் மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தை 'ஆர்.சி.சி.' என்றால் எங்கள் குமரி மாவட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. 50 கிலோமீட்டர் சொச்சம். வருஷக்கணக்கில் அந்த ரோட்டில், பஸ்ஸிலேயே குடியிருந்தோம். களியக்காவிளை டீக்கடைக்காரர் எங்கள் தலையைப் பார்த்ததும் 'ரெண்டு டீ, ஒரு பால்' என்று தானாகவே போட ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் டாக்டர் சொன்னார்: "மருந்து முடிஞ்சது. இனி செக்கப்புக்கு வந்தா போதும். பிள்ளை நல்லா ஓடி விளையாடட்டும்."

நானும் மனைவியும் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

நான் ஆபீஸ் கிளார்க். கையில் பேனா இருந்தால் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'மேற்படி மாணவியை ஓட்டம், கயிறு சாட்டம் உள்ளிட்ட எவ்வித விளையாட்டிலும் ஈடுபடுத்த வேண்டாம்.' கீழே கோடு வேறு போட்டேன்!

அதன்பின் விளையாட்டுப் பீரியடில் மற்றதுகள் ஓட, இவள் மரத்தடியில் உட்கார்ந்து எல்லோருடைய வாட்டர் பாட்டிலுக்கும் காவல். ஒருநாள் சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, இன்னைக்கு 18 பாட்டில். எண்ணிப் பார்த்தேன்."

"சமர்த்து!"

"எனக்கு சீக்கு மாறியாச்சுன்னு சொன்னியளே... பொய்யா?"

"யாரு சொன்னா பொய்யின்னு?"

"மாறினா பொறவு எதுக்கு என்னை ஓட விடமாட்டேங்கியோ?"

பதில் வரவில்லை. மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கே ஒரு பாத்திரம் ரொம்ப நேரம் தேய்பட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எதற்கோ 2012 செப்டம்பர் 11 ஞாபகம் வந்தது. சேப்பாக்கம், நியூசிலாந்து மேட்ச். புற்றுநோய்க்கு அமெரிக்காவில் கீமோதெரபி எடுத்துக்கொண்டு மீண்ட யுவராஜ் சிங், மறுபடி பேட்டோடு இறங்கினார். 34 ரன். நாம் ஒரே ரன்னில் தோற்றோம். அதனால் என்ன? அவர் இறங்கியபோது டி.வி. முன்னால் எழுந்து நின்று கை தட்டியவன் நான். ஊரார் பிள்ளை ஓடினால் கைதட்டு. சொந்தப் பிள்ளைக்கு வாட்டர் பாட்டில்!

அடுத்த செக்கப்பில் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். உயிரைக் காப்பாற்றிய மருந்துகளே கொஞ்சம் வரியும் வசூலித்துக்கொள்ளுமாம். வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்பைத் தளர்த்தும். பாதம் சரியாகத் தூக்காது. (அவளுக்கு அடிக்கடி செருப்பு நழுவியது அதனால்தானா!) ஸ்டீராய்டு தசையையும் எலும்பையும் பலவீனப்படுத்தும். வேறு சில மருந்துகள் இதயத்தைத் தொடும் என்பதால்தான் அவ்வப்போது எக்கோ எடுக்கிறார்கள்.

"எக்கோ நல்லா இருக்கு. பிள்ளைக்கு இருக்கிற களைப்பு படுத்தா போகாது, நடந்தாத்தான் போகும். 5 வயசிலேருந்து 17 வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷம் ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரேயடியா வேண்டாம். 10 நிமிஷத்துல ஆரம்பிச்சு பையப் பைய ஏத்துங்க. மூச்சு முட்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தலை சுத்தினாலோ நிறுத்திட்டு வந்து காட்டுங்க." பிறகு என் தொந்தியைப் பார்த்தார். "கூட யாரு நடக்கப் போறது?"

மறுநாளே கிளம்பினோம். தக்கலையிலிருந்து நாகர்கோவில் ரோட்டில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த இடம். அவர் சமாதியும் உள்ளேதான் இருக்கிறது. அங்கே எனக்கும் டிரில் ஆரம்பமானது! முதல் நாள் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது எனக்குத்தான். மகள் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "பையப் போவோம் அப்பா" என்றாள்.

மூன்று மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அந்த மரம் வரைக்கும் ஓடட்டா?" என்று கேட்டாள். தொண்டை வரை வந்த சுப்ரபாதத்தை விழுங்கிக்கொண்டேன். ஓடினாள். பாதி வழியில் விழுந்தாள். மனைவி பதறி ஓடப்போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். நடுங்கியது அவள் கையா, என் கையா, தெரியவில்லை.

மகள் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றதும் மிச்சப் பாதியையும் ஓடி முடித்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன்:

'பார்வை: எனது முந்தைய கடிதம். பார்வையில் காணும் கடிதத்தை இதன்மூலம் ரத்து செய்கிறேன். மேற்படி மாணவி இனி ஓடுவாள், சாடுவாள், விழுவாள், எழுந்திருப்பாள். டாக்டர் சான்றிதழ் நகல் இணைக்கப்பட்டுள்ளது. வாட்டர் பாட்டில்களுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும்.'