டிங்கினேஷ்: சில குறிப்புகள்

எண் 152830. 1999 நவம்பர் 4 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சொக்கோரோ அருகே இயங்கிய லீனியர் சிறுகோள் தேடல் திட்டம் பதிவு செய்த ஓர் ஒளிப்புள்ளி. குறுக்களவு முக்கால் கிலோமீட்டர் அளவுதான். 2023 வரை அதற்குப் பெயர் இல்லை. 1999 விடி57 என்ற தற்காலிகக் குறியீடு மட்டும் இருந்தது. இப்படிக் குறியீட்டோடு நின்றுபோன சிறுகோள்கள் லட்சக்கணக்கில் உண்டு.

*

இருப்பிடம்: சூரியனிலிருந்து சராசரியாக 2.19 வானியல் அலகு (பூமி–சூரியன் தொலைவு ஓர் அலகு). சூரியனை ஒருமுறை சுற்ற 3.24 ஆண்டுகள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையில் இது உள்பகுதி. 2.5 அலகுத் தொலைவில் பட்டையில் ஓர் இடைவெளி உண்டு. அங்கே சுற்றும் கல் மூன்று சுற்று முடிக்கையில் வியாழன் சரியாக ஒரு சுற்று முடிக்கும். அதனால் வியாழனின் இழுப்பு ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டே போய், கல்லைப் பாதையிலிருந்து தள்ளிவிடும். அந்த இடைவெளிக்கு இப்பால் இருப்பது உள்பட்டை. இங்கே சிலிக்கேட் பாறைகளாலான சிறுகோள்கள் மிகுதி. வெளியே போகப் போகக் கரிப்பொருள் நிறைந்த இருண்ட கற்கள் கூடும்.

*

லூசி விண்கலம் 2021 அக்டோபர் 16 அன்று கிளம்பியது, வியாழனின் பாதையில் ஓடும் ட்ரோஜன் சிறுகோள்களைப் பார்க்க. வழியில் அது இந்தச் சின்னக் கல்லை 64,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும் என்று பிரான்சின் நீஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த ராஃபேல் மார்ஷல் கண்டறிந்தார். பாதையைச் சிறிது திருத்தினால் மிக அருகே போகலாம். 2023 ஜனவரியில் நாசா இதைப் பயணத்திட்டத்தில் சேர்த்தது. வேகமாகக் கடக்கும்போது சிறுகோளைத் தானாகவே பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பும் அமைப்பைச் சோதிப்பதுதான் முதல் நோக்கம்.

விண்கலத்தின் பெயர் 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த ஆதிமனித மூதாதையின் புதைபடிவத்திலிருந்து வந்தது. அதே புதைபடிவத்துக்கு எத்தியோப்பியாவில் வழங்கும் பெயரான டிங்கினேஷ், சிறுகோளுக்குச் சூட்டப்பட்டது.

*

2023 நவம்பர் 1, இந்திய நேரப்படி இரவு 10.24. லூசி டிங்கினேஷைக் கடந்தது: நொடிக்கு 4.5 கிலோமீட்டர் வேகம், ஏறத்தாழ 430 கிலோமீட்டர் தொலைவு. நெருங்கி வந்த வாரங்களிலேயே சிறுகோளின் வெளிச்சம் ஏறி இறங்கிய விதத்தைப் பார்த்து, இது இரட்டையாக இருக்குமோ என்று குழுவினர் சந்தேகித்தார்கள். முதல் படங்கள் அதை உறுதி செய்தன: பக்கத்தில் ஒரு நிலா.

சில நாட்களில் அடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. மிக அருகே கடந்து ஆறு நிமிடம் கழிந்தபின் எடுத்தவை. நிலா ஒன்றல்ல, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கற்கள்! முதல் படங்களில் ஒன்று மற்றதன் பின்னால் மறைந்திருந்தது. ஒன்று 210 மீட்டர், மற்றது 230 மீட்டர் அளவு. இப்படி ஒட்டிய இரட்டை ஒன்று வேறொரு சிறுகோளைச் சுற்றுவதை மனிதர் கண்டது அதுவே முதல்முறை. செலாம் என்று பெயரிட்டார்கள். அதுவும் எத்தியோப்பியாவில் கிடைத்த ஒரு குழந்தைப் புதைபடிவத்தின் பெயர்.

செலாம் 3.1 கிலோமீட்டர் தொலைவில், 52.7 மணி நேரத்துக்கு ஒருமுறை டிங்கினேஷைச் சுற்றுகிறது. நம் நிலவைப் போலவே எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டியபடி.

*

இந்த நிலா எப்படி வந்தது? இதில்தான் என் மனம் மீண்டும் மீண்டும் போய் நிற்கிறது. மோதல் தேவையில்லை, வெயில் போதும்.

வெயிலில் சூடான பாறை அந்த வெப்பத்தைத் திரும்ப வெளியே விடும்போது, மிக மெல்லிய ஓர் உதைப்பு பாறை மேல் விழுகிறது. சீரான உருண்டையென்றால் எல்லாப் பக்க உதைப்பும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். கோணல்மாணலான கல்லில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம் கல்லின் சுழற்சியைக் கூட்டும், அல்லது குறைக்கும். யார்கோவ்ஸ்கி, ஓகீஃப், ராட்சியெவ்ஸ்கி, பாடாக் ஆகிய நால்வரின் பெயரெழுத்துகளைச் சேர்த்து இதை யோர்ப் விளைவு என்கிறார்கள். 2007இல் பூமிக்கு அருகே வரும் நூறு மீட்டர் சொச்சக் கல் ஒன்றில் இதை நேரடியாக அளந்தார்கள். அதன் சுழற்சி நேரம் ஆண்டுக்கு ஒரு மில்லிநொடி அளவு குறைந்துகொண்டிருந்தது.

ஆண்டுக்கு ஒரு மில்லிநொடி! ஆனால் சிறுகோளுக்குக் காலத்துக்குப் பஞ்சமில்லை. சுழற்சி கூடிக் கூடி, சுமார் 2.2 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற எல்லையை நெருங்கும்போது, ஜல்லிக் குவியலைப் போலத் தளர்வாகச் சேர்ந்திருக்கும் கல்லின் நடுக்கோட்டில் ஈர்ப்புக்குப் பிடி போய்விடும். பொருள் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதில் ஒரு பகுதி சுற்றிவந்து நிலாவாகத் திரளும், மீதி திரும்ப வந்து விழும்.

*

டிங்கினேஷின் உடம்பில் இதற்குத் தடயம் இருக்கிறது. நீளவாக்கில் ஒரு பள்ளம். நடுக்கோட்டைச் சுற்றி ஒரு மேடு. லூசி பயணத்தின் ஹால் லெவிசன் தலைமையிலான குழு 2024 மே மாதம் நேச்சர் இதழில் எழுதிய விளக்கம் இது: சுழற்சி முற்றியபோது சிறுகோளின் உட்கட்டு உடைந்து ஒரு பெரும்பகுதி நகர்ந்தது, பள்ளம் அங்கே விழுந்தது. சிதறியதில் திரும்பி வந்தது மேடாகப் படிந்தது, மிஞ்சியது செலாம் ஆனது. இப்போது டிங்கினேஷ் தன்னைத்தானே சுற்ற 3.74 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் ஏன் இரண்டு கற்கள், அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவில்? இருமுறை உடைந்து இரண்டு நிலாக்கள் உருவாகிப் பிறகு மெதுவாக வந்து ஒட்டினவா? இந்தக் கேள்வி ஆய்வாளர்கள் முன் திறந்தே கிடக்கிறது.

*

யோர்ப் விளைவின் கணக்கு: கல்லின் குறுக்களவு இரண்டு மடங்கானால் விளைவு நான்கில் ஒன்றாகிவிடும். சூரியனிலிருந்து விலக விலகவும் அப்படியே குறையும். வெஸ்டா என்ற பெரிய சிறுகோளும் உள்பட்டையில்தான் இருக்கிறது, ஆனால் 525 கிலோமீட்டர் பருமனுக்கு வெயிலின் உதைப்பு ஒரு பொருட்டே இல்லை. சிறியதாகவும் சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டவும் இருந்ததால்தான் டிங்கினேஷுக்கு இந்தக் கதை வாய்த்தது.

*

சிறுகோளைத் திசைதிருப்ப முடியுமா என்று சோதிக்க, 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் மோதியது டிமார்ஃபோஸ் என்ற சிறுநிலா மீது. அந்த நிலா சுற்றுவது டிடிமோஸ் என்ற சிறுகோளை. டிடிமோஸும் முக்கால் கிலோமீட்டர் சொச்சம், அதுவும் பாறை வகை, அதற்கும் நடுவில் மேடு, அதற்கும் நிலா. ஆனால் டிடிமோஸ் பூமிப் பக்கம் வந்துவிட்டது. டிங்கினேஷ் இன்னும் பட்டையிலேயே இருக்கிறது. பூமியை நெருங்கும் கற்களில் பெரும்பங்கு உள்பட்டையிலிருந்து கிளம்பியவை. ஆகவே, நாளை நம் பக்கம் திரும்பக்கூடிய ஒரு கல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எதற்கு உடையும் என்பதை அறிய உள்பட்டைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அந்த அறிவு இல்லாமல் ஒரு கல்லைத் திசைதிருப்பத் திட்டம் போட முடியாது.

*

பெரிய சிறுகோள்களுக்குத் தனி விண்கலம் அனுப்புகிறோம். டிங்கினேஷுக்குக் கிடைத்தது போகிற வழியில் ஒரு சோதனை ஓட்டம். அதிலேயே ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒட்டிய இரட்டை நிலா. தொலைநோக்கியில் இவற்றில் எதுவும் தெரிந்திருக்காது. இனி எந்த விண்கலம் பட்டையைத் தாண்டிப் போனாலும், அதன் பாதையருகே இருக்கும் பெயரில்லாத சின்னக் கற்களின் பட்டியலை முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றையாவது நின்று பார்க்க எரிபொருள் ஒதுக்க வேண்டும்.