கஅபின் 50 நாட்கள்

கி.பி. 630. தபூக் படையெடுப்புக்குப் போகாமல் மதீனாவிலேயே தங்கிவிட்டார் கவிஞர் கஅப் இப்னு மாலிக். உடல்நலம் இருந்தது, வசதியும் இருந்தது. 'நாளை கிளம்பலாம்' என்று தள்ளிப்போட்டதுதான் காரணம்.

நபிகள் நாயகம் (ஸல்) திரும்பியதும், போகாதவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். பேச்சில் வல்லவரான கஅபுக்கும் அது எளிதுதான். ஆனால், தன்னிடம் எந்தக் காரணமும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

அவரோடும், அவரைப் போலவே உண்மை சொன்ன இருவரோடும் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவானது. கடைத்தெருவில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. நெருங்கிய உறவினர்கூட சலாமுக்குப் பதில் சொல்லவில்லை.

50-ஆம் நாள் அதிகாலை, இறைவன் மன்னித்த செய்தி வந்தது. குர்ஆனின் 9-ஆம் அத்தியாயத்தில் அது இருக்கிறது. சாக்குச் சொன்னவர்களை அதே அத்தியாயம் கண்டிக்கிறது.

நற்செய்தி கொண்டுவந்தவருக்குத் தன் ஆடைகளையே கொடுத்தார் கஅப். அதன்பின் அவர் தெரிந்து ஒரு பொய்யும் சொன்னதில்லை.