பொம்மையைச் சுற்றிய துணி

கொலு என்றவுடன் படிகளும் விளக்குகளும் நம் நினைவுக்கு வருகின்றன. விழா முடிந்தபின் அந்தப் பொம்மைகள் எங்கே, எவ்வாறு இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நானும் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை.

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆண்டுதோறும் ஐந்து படிகளில் கொலு வைப்போம். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது எனப் படிகள் ஒற்றைப்படையில் அமைவதே மரபு. மேற்படிகளில் தெய்வ உருவங்கள், அவற்றின்கீழ் அடியார்கள், கீழ்ப்படியில் அரிசியும் பருப்பும் பரப்பிக் கடைவிரித்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும். செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி இணை பாட்டி தந்த சீர். மற்றவை பண்ருட்டிக் களிமண் பொம்மைகள். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, இரு பாதிகளையும் ஒட்டி, உலர்த்திச் சுட்டபின் வண்ணம் தீட்டுவர்.

விசயதசமி இரவில் அம்மா ஒரு பொம்மையைப் படுக்கவைப்பார். மறுநாள் ஒவ்வொரு பொம்மையையும் பழந்துணியில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்குவார். அப்பாவின் நைந்த வேட்டி, எங்கள் பள்ளிச் சீருடை, தம்பிக்குத் தூளி கட்டிய சேலை ஆகிய அனைத்தும் அப்பெட்டியில் இருந்தன. “புதுத்துணி விறைப்பாக இருக்கும், நைந்த துணிதான் பொம்மைக்கு நோகாது” என்பார்.

சப்பானியரும் மார்ச் 3ஆம் நாள் பெண்குழந்தைகளுக்காகச் செந்துணி விரித்த படிகளில் பொம்மைகளை அடுக்குகின்றனர். விழா முடிந்ததும் காலந்தாழ்த்தாமல் அவற்றை எடுத்துவைக்க வேண்டும் என்பது அவர்களது நம்பிக்கை. எடுத்துவைப்பதும் விழாவின் ஒரு பகுதியே என்பதை அவர்களும் அறிந்திருக்கின்றனர்.

அம்மா மறைந்த ஆண்டில் கொலு இல்லை. அடுத்த ஆண்டு கொலு முடிந்ததும் அந்தக் கந்தல்கள் எனக்கு அழுக்காகத் தோன்றின. அவற்றைக் குப்பையில் சேர்த்துவிட்டு, பொம்மைகளைப் பளபளக்கும் நெகிழி உறைகளில் இட்டுக் கட்டினேன். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தது. மறு நவராத்திரிக்கு உறையைப் பிரித்தபோது, செட்டியாரின் முகத்து வண்ணம் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. துணி ஈரத்தை வெளியே விட்டிருக்கும். நெகிழி உள்ளேயே அடைத்து வைத்துவிட்டது. கண்ணும் மீசையும் இருந்த இடத்தில் வெறும் மண் தெரிந்தது.

மின்தொடர் வண்டியேறிச் சென்னை கொசப்பேட்டைக்குச் சென்று, பொம்மை செய்யும் முதியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முகம் எழுதித் தருகிறேன் அம்மா. ஆனால், பழைய முகம் வராது, என் கைக்கு வரும் முகம்தான் வரும்” என்றார். சற்று நேரம் நின்றேன். பிறகு பொம்மையை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அவ்வாண்டும் செட்டியார் கீழ்ப்படியில் தம் கடையின் முன் அமர்ந்தார். சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுமி, “இந்தத் தாத்தாவுக்கு முகம் எங்கே?” என்று கேட்டாள். “நான்தான் கெடுத்துவிட்டேன்” என்றேன். எவ்வாறு என்று கேட்டாள், முழுவதையும் சொன்னேன்.

அம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்றை நினைவுப்பொருளாக நிலைப்பேழையில் மடித்து வைத்திருந்தேன். விசயதசமிக்கு மறுநாள் அதை எடுத்துக் கிழித்தேன். முதல் துண்டைச் செட்டியாருக்குச் சுற்றினேன்.