புட்டிக்குள் ஒரு லாவெண்டர் தோட்டம்

லாவெண்டர் என்றாலே பாட்டிமார் பீரோ வாசனை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என் கட்சி வேறு. யார்ட்லி நிறுவனத்தின் இங்கிலீஷ் லாவெண்டர் என்ற வாசனைத் திரவியம் 1873இல் வந்தது. பெயரில்தான் இங்கிலீஷ், செடியோ இங்கிலாந்துக்காரி அல்ல. மத்தியதரைக் கடல் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகள்தான் அவளுக்குப் பிறந்த வீடு. லண்டனுக்குத் தெற்கே மிட்சம் வயல்களில் அமோகமாக விளைந்தது உண்மை. நகரம் வளர்ந்து அந்த வயல்களை விழுங்கியதும் உண்மைதான். ஆக, புட்டியில் இருக்கும் தோட்டம் மண்ணின் நகல் அல்ல, தேர்ந்த கைவேலை.

எண்ணெயையே பாருங்கள். லினலூல், லினலைல் அசிடேட் இரண்டும்தான் அதில் பெரும்பங்கு. இரண்டுமே சீக்கிரம் ஆவியாகிவிடும். தனியாகப் பூசினால் நிற்காது. கீழே கனமான ஏதோ ஒன்று பிடித்து நிறுத்த வேண்டும். 1882இல் ஹூபிகான் நிறுவனத்தின் ஃபூஜேர் ராயல் என்ற வாசனைத் திரவியம், காய்ந்த புல்லை நினைவூட்டும் செயற்கைக் கூமரினை லாவெண்டரோடு சேர்த்தது. ஆய்வுக்கூடச் சரக்கு கலந்தால் அது என்ன தோட்டம் என்று கேட்கலாம். அந்தச் சரக்கு இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தோட்டமே இருக்காது என்பதுதான் பதில். பாட்டிமார் வாசனை என்ற வாதமும் செல்லாது: ஃபூஜேர் ராயல் வழியில் வந்த வாசனைத் திரவியங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கானவை, 1934இல் காரோன் நிறுவனம் லாவெண்டரையும் வெனிலாவையும் இணைத்ததும் ஆண்களுக்காகத்தான். சோப்பு வாடை என்ற புகாரில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. மலிவான சோப்புகளில் பெரும்பாலும் லாவண்டின் என்ற கலப்பினத்தின் எண்ணெய்தான் சேர்கிறது. அதில் கற்பூர நெடி தூக்கல். அந்தக் குற்றத்தை அசல் செடியின் தலையில் கட்டுவானேன்?