நம்பர் சுரண்டின ட்ரான்சிஸ்டர்

எழுதணும் எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ் ஆணிகளால தள்ளிக்கிட்டே போன பதிவு இது. கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் வாடை அடிக்கும், பயந்து ஓடிடாதீங்க. ஃபார்முலா எதுவும் கிடையாது. ஒரு மைக் செட்டு, ஒரு சித்தப்பா, மூணு காலு வச்ச ஒரு சின்ன ஐட்டம், அவ்வளவுதான் கதை.

எங்க பக்கத்துப் பெருசுகளுக்கு ட்ரான்சிஸ்டர்னா ரேடியோதான். "அந்த ட்ரான்சிஸ்டரைப் போடுப்பா, செய்தி கேப்போம்"னு எங்க அப்பத்தா சொல்லும். உள்ள இருக்கிற பாகத்தோட பேரு மொத்தப் பொட்டிக்கும் ஆகிருச்சு. 1947 டிசம்பர்ல அமெரிக்காவோட பெல் ஆய்வுக்கூடத்துல பார்டீனும் பிராட்டைனும் முதல் ட்ரான்சிஸ்டரை ஓட்டிக் காட்டினாங்க. அவங்களுக்கும் ஷாக்லிக்கும் சேர்த்து 1956ல நோபல் பரிசு. இதெல்லாம் காலேஜ்ல பரீட்சைக்குப் படிச்சது. லேப்ல எஸ்எல்100, பிசி107 ரெண்டையும் போர்டுல குத்தி, கிராஃப் ஷீட்ல வளைவு வரைஞ்சு, மார்க்கும் வாங்கியாச்சு. அப்புறம் நம்ம எல்லாரையும் போல பொட்டி தட்ட வந்தாச்சு :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். மேலூர் பக்கம் எங்க சித்தப்பா மைக் செட்டு வச்சிருக்கார். காதுகுத்து, சடங்கு, கோயில் கும்பாபிஷேகம், எதுன்னாலும் அவர்தான். பங்குனி கடைசில இருந்து வைகாசி முடியற வரைக்கும்தான் அவருக்கு வருமானம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோயில்ல இருந்து அழகர் கிளம்பி வைகைக்கு வர்ற வழியெல்லாம் மண்டகப்படி. மண்டகப்படிக்கு ஒரு மைக் செட்டு. அதை முடிச்சுட்டு வந்தா சுத்துப்பட்டு ஊருகள்ல அம்மன் கோயில் திருவிழா, முளைப்பாரி, கரகாட்டம். அந்த ரெண்டு மாசத்துல ஆம்ப்ளிஃபயர் படுத்துட்டா வருசமே படுத்த மாதிரி.

அவரோட பெரிய ஆம்ப்ளிஃபயர் கம்பெனி செட்டு இல்லை. மதுரையில ஒரு மாஸ்டர் கையால அசெம்பிள் பண்ணினது. ரெண்டு சேனல், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி போர்டு, தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கற அளவுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர். பதினஞ்சு வருசத்துக்கு மேல உழைச்ச சாமான். அந்த மாஸ்டர் 2021ல தவறிட்டார்.

போன பங்குனியில ஒரு சேனல் அவுட். சித்தப்பா ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்தார். அவர் கருகிப் போன அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ரெண்டையும் மாத்திக் குடுத்தார். பத்து நிமிஷம் பாடுச்சு, மறுபடி புகை. திரும்ப மாத்தினாங்க, திரும்பவும் அதே கதி. கடைசியில அவர் சொன்னது: "அண்ணே, போர்டையே தூக்கிட்டு ரெடிமேட் போர்டு போட்டுருவோம். இதுல எதுலயும் நம்பரே இல்லை, நான் எதைன்னு பார்க்க?"

அவர் சொன்னதும் நிஜம்தான். பெரிய ட்ரான்சிஸ்டர்ல இருந்து சின்னது வரைக்கும் மேல இருந்த எழுத்தை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வச்சிருந்தார் மாஸ்டர். இது அவர் மட்டும் செய்யற வேலையில்லை. காப்பியடிக்க விடாம இருக்க உலகம் பூரா இந்தப் பழக்கம் உண்டு. எனக்கு முதல்ல கடுப்புதான் வந்துச்சு. கமெண்ட் ஒண்ணுகூட எழுதாம கோடு அடிச்சுட்டு பேப்பர் போட்டுட்டுப் போன சீனியரை நினைச்சா வருமே, அந்தக் கடுப்பு. சித்தப்பாதான் நிதானமா சொன்னார், "அது அவரு பொழப்புப்பா. நம்பரைப் பார்த்துட்டா நாளைக்கே நாலு பேரு அதே செட்டைப் போட்டு வித்துருவான்ல?"

நம்பர்ல அப்படி என்ன இருக்குன்னு கேட்பீங்க. கிட்டத்தட்ட ஜாதகமே இருக்கு. 2என்னு ஆரம்பிச்சா அமெரிக்க முறை. 2என்3055 அந்த வகை. 1960களோட ஆரம்பத்துல ஆர்சிஏ கம்பெனி கொண்டு வந்த தொப்பி மாதிரி இரும்பு மூடி போட்ட ட்ரான்சிஸ்டர். 60 வோல்ட், 15 ஆம்ப், 115 வாட். ஒரு காலத்துல ஆம்ப்ளிஃபயர்னாலே அதுதான். ஐரோப்பிய முறையில முதல் எழுத்து ஏ-ன்னா ஜெர்மேனியம், பி-ன்னா சிலிக்கான். ரெண்டாவது எழுத்து சி-ன்னா சின்ன ஆடியோ வேலை, டி-ன்னா பெரிய ஆடியோ வேலை. அதான் பிசி547, பிடி139 எல்லாம். ஜப்பான் முறையில 2எஸ்ஏ, 2எஸ்பி ரெண்டும் பிஎன்பி, 2எஸ்சி, 2எஸ்டி ரெண்டும் என்பிஎன். ஆனா இடப் பஞ்சத்துல 2எஸ்ஸை விட்டுட்டு வெறும் சி1815-னு மட்டும் அச்சடிப்பாங்க. தெரியாதவன் தலை சுத்திப் போவான்.

நம்பர் தெரிஞ்சாலும் கால் வரிசையில ஒரு வில்லங்கம் இருக்கு. தட்டையான முகத்தை நம்ம பக்கம் திருப்பி, கால் கீழே இருக்கிற மாதிரி பிடிச்சா, பிசி547ல இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே உருவத்துல இருக்கிற சி1815ல எமிட்டர், கலெக்டர், பேஸ். பார்க்க இரட்டைப் பிள்ளை, குணம் வேற.

இன்னொரு கூத்தும் உண்டு. பெரிய ஆம்ப்ளிஃபயர்கள்ல தோஷிபாவோட 2எஸ்சி5200, அதுக்கு ஜோடியா 2எஸ்ஏ1943. கம்பெனிக் கணக்குப்படி 230 வோல்ட், 15 ஆம்ப், 150 வாட். இதுக்குச் சந்தையில டூப்ளிகேட் கொட்டிக் கிடக்கு. மேல எழுத்து அச்சு அசலா இருக்கும், உடைச்சுப் பார்த்தா உள்ள இருக்கிற சிலிக்கான் துண்டு சுண்டைக்காய் சைஸ். அதாவது பேரு இருக்கு, சரக்கு இல்லை. மாஸ்டர் போட்டது நேர் எதிர். சரக்கு இருக்கு, பேரு இல்லை. ரெண்டுல எது பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க.

அந்த வாரம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு சித்தப்பா வீட்டுத் திண்ணையில உக்காந்தேன். ஆயுதம் ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு குண்டு பல்பு.

பேரு தெரியாத ட்ரான்சிஸ்டரைக் கழட்டி வச்சு, மீட்டரை டயோடு குறியில வச்சுத் தொட்டுப் பார்க்கலாம். மூணு காலுக்கும் முன்னும் பின்னுமா ஆறு விதம்தான் இருக்கு. எந்த ஒரு கால்ல இருந்து மத்த ரெண்டு காலுக்கும் 0.6, 0.7 வோல்ட் காட்டுதோ அது பேஸ். அந்தக் கால்ல சிவப்புக் குச்சி இருந்தா என்பிஎன், கறுப்பு இருந்தா பிஎன்பி. ரெண்டு அளவுல கொஞ்சூண்டு அதிகமா இருக்கிற பக்கம் எமிட்டர். 0.2, 0.3 வோல்ட்னா பழைய ஜெர்மேனியம்.

ஆனா இதெல்லாம் உசுரோட இருக்கிற ட்ரான்சிஸ்டருக்கு. செத்ததுகிட்ட என்ன கேட்டாலும் பதில் வராது. அவுட்புட் ரெண்டும் மூணு காலும் ஷார்ட். அதுங்களை விட எனக்குச் சந்தேகம் வந்தது வேற ஒண்ணு மேல. அந்தப் பெரிய ட்ரான்சிஸ்டர்களுக்கு நடுவுல, அதே ஹீட் சிங்க்ல திருகு போட்டு இறுக்கின ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர். இவ்வளவு சின்னது சூடாகிற அளவுக்கு வேலை செய்யாது. அப்ப எதுக்கு ஹீட் சிங்க்ல இருக்கு? தன் சூட்டைத் தணிக்க இல்லை, பக்கத்துல இருக்கிறவங்க சூட்டைப் பார்க்க.

அதோட வேலை காவல் வேலை. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடணும், இல்லேன்னா சின்னச் சத்தத்துல குரல் கரகரன்னு வரும். ஆனா சூடு ஏற ஏற அந்தக் கரண்ட் தானா கூடும். கரண்ட் கூடினா சூடு கூடும். விட்டா கருகிற வரைக்கும் போகும். சிலிக்கான்ல பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல இருக்கிற வோல்டேஜ், ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அந்தக் குணத்தை வச்சுத்தான் சின்னவன் பெரியவங்களுக்குப் போற வோல்டேஜைக் குறைச்சு அடக்கி வைக்கிறான். சின்னவனோட பேஸ் உள்ளுக்குள்ள அறுந்து போச்சுன்னா? அடக்க ஆளில்லை. எத்தனை தடவை புது அவுட்புட் போட்டாலும் எரியும்.

கழட்டி மீட்டரை வச்சேன். ஒரு கால்ல இருந்து எந்தப் பக்கமும் அசைவே இல்லை. குற்றவாளி கிடைச்சாச்சு. ஆனா ஆள் யாரு? என்பிஎன்னா, பிஎன்பியா? கால் வரிசை என்ன? பொணத்துகிட்ட கேட்க முடியாது.

நல்லவேளை, இன்னொரு சேனல் உசுரோட இருந்துச்சு. அதே போர்டு, அதே இடத்துல இதே மாதிரி நம்பர் தேய்ச்ச சின்ன ட்ரான்சிஸ்டர். அந்த சேனலுக்கு மட்டும் கரண்ட் குடுத்து, ஓடிக்கிட்டு இருக்கும்போதே மூணு கால்லயும் வோல்டேஜ் பார்த்தேன். முகத்தைப் பார்த்தபடி இடது காலை அடிப்படையா வச்சா, வலது கால் 0.58 வோல்ட் மேல, நடுக்கால் 2.3 வோல்ட் மேல.

இதுக்கு மேல நம்பர் எதுக்கு? எமிட்டரை விட பேஸ் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல, கலெக்டர் அதுக்கும் மேல இருந்தா அது என்பிஎன். பிஎன்பியா இருந்தா உசரத்துல இருக்கிற காலுக்கு 0.6 கீழே ஒரு கால் இருந்திருக்கும், இங்க அது இல்லை. ஆக இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். 2.3 ஏன்னு பார்த்தா, டிரைவர் ரெண்டு, அவுட்புட் ரெண்டு, ஆக நாலு பேஸ்-எமிட்டர் இடைவெளி. நாலு 0.58, கிட்டத்தட்ட 2.3. கணக்கும் ஒத்து வருது.

உருவம், கால் வரிசை ரெண்டும் பிடி139க்கு அப்படியே பொருந்துது. மாஸ்டர் போட்டதும் அதுதானான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த இடத்துல ட்ரான்சிஸ்டர் பார்க்கிறது மொத்தமே ரெண்டு மூணு வோல்ட். பிடி139 தாங்கறது 80 வோல்ட். அவுட்புட்டுக்கும் இதே முறைதான். நல்ல சேனல்ல சப்ளை பிளஸ் 42, மைனஸ் 42, ஆக மொத்தம் 84 வோல்ட். உருவம் பெருசு, கால் வரிசை பேஸ், கலெக்டர், எமிட்டர். ஒரிஜினல் 5200, 1943 ஜோடி தாராளமாப் போதும்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சின்ன ஸ்பேர்ஸ் கடை. "அண்ணே, 5200 ஒரிஜினல் வேணும்"னு கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "தம்பி, விலை ரெண்டு இருக்கு. எதைக் காட்ட?"ன்னார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

சின்னவனுக்குப் பின்னாடி மைக்கா தகடு வச்சு (பின்பக்கம் கலெக்டர், ஹீட் சிங்கைத் தொடக்கூடாது) மாட்டி, மெயின்ஸ்ல குண்டு பல்பை சீரீஸ்ல போட்டு சுவிட்சைத் தட்டினோம். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு அப்படியே மங்குச்சு. எரிஞ்சுக்கிட்டே இருந்திருந்தா உள்ள ஷார்ட்னு அர்த்தம். பல்பை எடுத்துட்டு, எமிட்டர்ல இருக்கிற 0.22 ஓம் ரெசிஸ்டர்ல 11 மில்லிவோல்ட் வர்ற வரைக்கும் ப்ரீசெட்டைத் திருகினேன். அப்படின்னா 50 மில்லியாம்ப். நல்ல சேனல்லயும் அதே அளவுதான். ரெண்டு மணி நேரம் பாட விட்டும் ஹீட் சிங்க்ல கை வைக்க முடிஞ்சுச்சு.

மூடியைப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எந்த இடத்துல எது போட்டிருக்கு, எந்தக் கால்ல எவ்வளவு வோல்ட்னு எழுதி உள்ள ஒட்டப் போனேன். சித்தப்பா தடுத்தார். "மாஸ்டர் வேணாம்னு மறைச்சதை நாம எழுதி ஒட்டலாமாடா?"

எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. அவர் இருந்த வரைக்கும் அந்த மறைப்பு அவர் வீட்டுல அடுப்பெரிய உதவுச்சு. அது அவரோட உரிமை. இப்ப அதே மறைப்புதான் அவர் செஞ்ச செட்டைப் பழைய இரும்புக்கு அனுப்பப் பார்த்துச்சு. மெக்கானிக் சொன்னபடி போர்டைத் தூக்கிப் போட்டிருந்தா அவரோட வேலைன்னு சொல்ல எதுவுமே மிஞ்சியிருக்காது. இதைத்தான் சித்தப்பாகிட்ட சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "சரி, ஒட்டு. மேல அவரு பேரையும், எந்த வருசம் செஞ்சதுன்னும் எழுது"ன்னார். எழுதினோம்.

அழகர் ஆத்துல இறங்கின அன்னைக்கு எனக்கு ரிலீஸ், போக முடியலை. சித்தப்பா போன் போட்டு ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். ஒரே இரைச்சல், ஒண்ணும் புரியலை. ரெண்டு பக்கமும் பாடுதுன்னு மட்டும் சொன்னார்.

உங்க பக்கத்துலயும் கையால செஞ்ச செட்டு எதுவும் இருந்தா, செஞ்சவர் இருக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு எழுதி வச்சுருங்க மக்களே.

பி.கு: மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்படறவங்க கவனத்துக்கு. பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். வோல்டேஜைப் பார்த்து, ரெசிஸ்டர் வச்சு இறக்கிட்டுக் கை வைங்க. ஓடற செட்டுல அளக்கும்போது குச்சி வழுக்கினா நல்ல சேனலும் போயிரும். ஒரு கையை டவுசர் பாக்கெட்ல வச்சுக்கறது உத்தமம்.