செல்வி எப்போ குட்டி போடும்னு கேட்கும் அன்பர்களுக்கு

 

தேய்பிறை அஷ்டமி பூசை முடிஞ்சா போதும், எங்ககிட்ட ஒரே கேள்விதான் வருது. "அப்பா வளர்த்த செல்வி எப்போ குட்டி போடும்? எங்களுக்கு ஒண்ணு எடுத்து வைங்க." அன்போடுதான் கேட்கிறீங்க. தனித்தனியா பதில் சொல்லி முடியல. அதனால அண்ணன், தம்பி, தங்கச்சி மூணு பேரும் கலந்து பேசி இதை எழுதுறோம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

செல்வி குட்டி போட மாட்டாள். கருத்தடை பண்ணியாச்சு. ஏன்னு சொல்லணும்னா அப்பாவிலிருந்து ஆரம்பிக்கணும்.

அப்பாவை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். திருவிழா நேரத்துல தண்ணீர்ப் பந்தல்ல நிற்பவர். தோட்டத்துல பிறந்து வளர்ந்தவர். வெள்ளைக்காரத் தொரை பங்களாவுல ஒரு அல்சேஷன் இருந்துச்சாம். அதைக் குளிப்பாட்டுற வேலை சின்னப் பையனா இருந்த அப்பாவுக்கு. அங்கே பிடிச்ச ஆசை கடைசி வரைக்கும் விடல. அந்த நாயோட உண்மையான பேரு ஜெர்மன் ஷெப்பர்ட். ஜெர்மனியில 1899-ல ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கின இனம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன்ங்கிற பேரையே சொல்லப் பிடிக்காம ஆங்கிலேயர்கள் அல்சேஷன்னு மாத்திட்டாங்க. இங்கிலாந்துல 1977-ல பழைய பேரு திரும்ப வந்துடுச்சு. அப்பாவுக்கு மட்டும் அது என்னிக்கும் அல்சேஷன்தான்.

லோரி ஓட்டின சம்பளத்துல தவணை கட்டி முதல் குட்டியை வாங்கினார். அதுக்கப்புறம்தான் நாய்க் கண்காட்சிக்குப் போக ஆரம்பிச்சார். அங்கே என்ன நடக்குதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. அழகுப் போட்டின்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதி வைத்த தரம் ஒண்ணு உண்டு. அதுக்கு எவ்வளவு பக்கத்துல இந்த நாய் இருக்குன்னு நடுவர் பார்க்கிறார். பக்கத்துல நிற்கிற நாயோடு ஒப்பிடுறது அதுக்கு அப்புறம்தான். ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டைன்னா தோள் உயரம் 55-லிருந்து 60 சென்டிமீட்டர், எடை 22-லிருந்து 32 கிலோ. ஆண் நாய்க்கு 60-லிருந்து 65 சென்டிமீட்டர், 30-லிருந்து 40 கிலோ. உயரத்தை விட உடம்பு நீளம் கொஞ்சம் கூட இருக்கணும். பல் 42-ம் இருக்கணும், மேல் வரிசை கீழ் வரிசையைக் கத்தரிக்கோல் மாதிரி ஒட்டி மூடணும். நடுவர் வாயைத் திறந்து பார்ப்பார். ஆண் நாய்க்கு விதை ரெண்டும் இறங்கியிருக்கான்னு தொட்டுப் பார்ப்பார்.

அப்புறம் நடை. நடுவர் நடுவுல நிற்பார். நாயை இடது கைப்பக்கம் வைத்து நாம சுத்தி ஓடணும், நமக்கும் நடுவருக்கும் நடுவுல நாய் இருக்கணும். கறுப்பு நாயோடு கறுப்புக் கால்சட்டை போட்டுக்கிட்டுப் போனா நாயோட கால் தெரியாது. அப்பா அதுக்காகவே வெளிர் நிறத்துல ஒரு கால்சட்டை தைச்சு வைத்திருந்தார். நம்ம ஊர் வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, டை எல்லாம் கட்டி ஓடுவார். ஒரு நாளும் சிடுசிடுத்ததில்ல. தோத்துட்டு வந்தாலும் நாய்க்குத் தண்ணி வைத்துவிட்டுத்தான் தான் குடிப்பார்.

ஒரு நாள் கண்காட்சி. அதுக்குப் பின்னால முன்னூறு நாள் வேலை. காலையில அஞ்சு மணிக்கு நடை. எங்க தாமான்ல மலாய்க்காரக் குடும்பங்கள் நிறைய இருக்காங்க. அவங்க சுபுஹ் தொழுகைக்குப் போற வழியில நாயைக் கூட்டிப் போகக் கூடாதுன்னு பின்பக்கச் சாலையாப் போவார். வாசலைத் தினமும் டெட்டால் போட்டுக் கழுவுவார். நகராண்மைக் கழகத்துல லைசென்ஸ் எடுத்து, வில்லையைக் கழுத்துப் பட்டையில மாட்டாம இருந்ததே இல்ல. கோயிலுக்கு வரணும்னா தலைக்குக் குளிச்சு வேட்டி மாத்திட்டுத்தான் வருவார். "நாய் வளர்க்கிறவன் வீட்டுல சுத்தம் இல்லைன்னு யாரும் சொல்லக் கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். பைரவர் சந்நிதியில அவர் நின்னு கும்பிடும்போது மட்டும் நேரம் போறதே தெரியாது.

அப்பா இறைவனடி சேர்ந்தப்போ செல்விக்கு 2 வயசு. அதுக்குள்ளே அவளுக்குச் சான்றிதழ்கள் வந்திருந்துச்சு. சாம்பியன் பட்டத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிஞ்ச மறுவாரமே சொந்தக்காரங்க பேச ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம் "நாயைக் கொடுத்துடுங்க, யார் பார்க்கிறது?" இன்னொரு பக்கம் "பட்டத்தை வாங்கிடுங்க, குட்டி போட வைங்க, அப்பா பேரு நிற்கும்." அம்மாவுக்கும் ரெண்டாவதுதான் ஆசை. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். காலை நடையை மூணு பேரும் முறை போட்டுப் பிரிச்சுக்கிட்டோம். நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவர் நேரா வந்து நாயைக் கூட்டிட்டுப் போவார். வெளிர் கால்சட்டையைத் தம்பி இடுப்புக்குப் பிடிச்சுத் தைச்சோம்.

இணை சேர்க்கிறதுக்கு முன்னால இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எடுக்கணும். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு நோய் அதிகம். தொடை எலும்போட தலை உருண்டையா இருக்கும், இடுப்புல அது உட்கார ஒரு குழி இருக்கும். குழி ஆழமா இல்லாட்டி உருண்டை ஆடும். ஆட ஆடத் தேயும். வயசானதும் நாய் எழுந்து நிற்கவே அழும். பரம்பரையா வர்ற நோய் இது. குட்டியில கண்டபடி தீனி போட்டுக் குண்டாக்கினா இன்னும் மோசமாகும். வெளியே பார்த்தா எதுவும் தெரியாது. அழகா ஓடும், சான்றிதழும் வாங்கும்.

மிருக டாக்டர் மயக்க ஊசி போட்டு, மல்லாத்தி, பின்னங்கால் ரெண்டையும் நீட்டி வைத்துப் படம் எடுத்தார். ஏ-யிலிருந்து ஈ வரைக்கும் அஞ்சு தரம் உண்டு. ஏ நல்லது, ஈ ரொம்ப மோசம். செல்விக்கு டி. இடது பக்கம் குழி ஆழமே இல்ல.

எங்க மூணு பேர்ல ரெண்டு பேர் ஃபேக்டரியில முப்பது வருஷமா சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம். வெளியே பளபளன்னு இருக்கிற பொருள் உள்ளே கீறல் விட்டிருக்கும். கஸ்டமர் கைக்குப் போய் ஒரு வருஷம் கழிச்சுத்தான் உடையும். தெரிஞ்சா அந்த லாட்டையே நிறுத்திடுவோம். ஃபேக்டரியில அது சுலபம், விதி இருக்கு. வீட்டுல அம்மா எதிரே உட்கார்ந்து அழும்போது சுலபமா இல்ல. "அப்பா வளர்த்தது இதோட முடிஞ்சுடுமே"ன்னாங்க. ஒருத்தர் குட்டிக்கு மூவாயிரம் வெள்ளி தர்றேன், எக்ஸ்ரேயை யார் கேட்கப் போறாங்கன்னும் சொன்னார்.

அந்த ராத்திரி அப்பாவோட 555 நோட்டுகளை எடுத்தோம். பழைய ஆளுங்களுக்குத் தெரியும், கடைக் கணக்கு எழுதுற சின்ன நோட்டு. எந்த நாய்க்கு எவ்வளவு இறைச்சி, எவ்வளவு சோறு, எந்த நடுவர் என்ன குறை சொன்னார், எல்லாம் அதுல இருக்கும். செல்விக்கு ரெண்டு தலைமுறைக்கு முன்னால ஒரு கடுவன் இருந்துச்சு, கோப்பை நிறைய வாங்கினது. அதுக்கு நேரே ஒரே ஒரு வரி. "இடுப்பு சரியில்லை. இதுக்குக் குட்டி வேண்டாம்." அவ்வளவுதான். அந்த வருஷம் அதோட தங்கச்சியோட குட்டியை வைத்துத்தான் அப்பா தொடர்ந்திருக்கார். யார்கிட்டயும் சொல்லல. அம்மாவிடம் அந்த வரியைப் படிச்சுக் காட்டினோம். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ அவர் எழுதினபடியே செய்யுங்க"ன்னாங்க.

இந்தத் தடவை தங்கச்சி, அக்கா யாரும் இல்ல. செல்வியோட அப்பா கட்டிக் காத்த வரிசை முடியுது. தெரிஞ்சேதான் செஞ்சோம். கண்காட்சியோட நோக்கமே அடுத்த தலைமுறைக்கு எது தகுதின்னு தேர்ந்தெடுக்கிறது. தகுதியில்லைன்னு தெரிஞ்ச பிறகு பட்டத்துக்காக அவளை ரிங்குல இறக்குறது சரியில்லைன்னு அதையும் நிறுத்திட்டோம்.

தருமர் கதை உங்களுக்குத் தெரியும். தம்பிகளும் திரௌபதியும் வழியில விழுந்துட்டாங்க. கூடவே வந்த நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம்னு இந்திரன் சொன்னப்போ, அப்படிப்பட்ட சொர்க்கம் வேண்டாம்னுட்டார் தருமர். அந்த நாய் என்ன இனம், எத்தனை கோப்பை வாங்கினதுன்னு வியாசர் சொல்லல. கூட வந்தது, அவ்வளவுதான். செல்வியும் எங்க கூட வந்தவ. எடை ஏறாம பார்த்துக்கிறோம், மாடிப்படி ஏற விடுறதில்ல, தினமும் மெதுவா நடக்கிறா.

அப்பாவோட ஆசை நின்னு போகல. தங்கச்சி மகள் இப்போ சிறுவர்களுக்கான நாய் கையாளும் போட்டிக்குப் போறா. அதுல நாயோட அழகுக்கு மார்க் கிடையாது. பிள்ளை நாயை எப்படி நிறுத்துது, எப்படி நடத்துது, எவ்வளவு பொறுமையா இருக்குன்னுதான் பார்ப்பாங்க. வீட்டுல அவளுக்கு வாத்தியார் செல்விதான். அப்பாவோட தோல் வார் இப்போ அந்தப் பிள்ளை கையில. அடுத்த வருஷம் ஒரு குட்டி வாங்கப் போறோம். தாய், தகப்பன் ரெண்டுக்கும் எக்ஸ்ரே பார்த்த பிறகுதான்.

நீங்களும் சாதி நாய்க்குட்டி வாங்குறதா இருந்தா விலையைக் கேட்குறதுக்கு முன்னால மூணு விஷயம் கேளுங்க. தாயை நேர்ல பார்க்கலாமா? பெற்றோர் ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே இருக்கா? பதிவுப் பத்திரம் குட்டி பேருல வருமா? பதில் சொல்லத் தயங்குனா எழுந்து வந்துடுங்க. பத்திரம், கண்காட்சி எதுவும் வேண்டாம், வீட்டுக்குத் துணைதான் வேணும்னா, காப்பகங்கள்ல எத்தனையோ வாயில்லா ஜீவன்கள் காத்துக்கிட்டிருக்கு. கூட வந்து பார்க்க ஆள் வேணும்னா சொல்லுங்க, ஞாயிற்றுக்கிழமையில நாங்க வர்றோம்.

பைரவர் எல்லா வீட்டு வாசலையும் காக்கட்டும். சிவ சிவ.